பால் கவருக்குக் காசு உண்டு, சிப்ஸ் கவருக்கு ஏன் இல்லை?

எங்கள் வீட்டில் அம்மா பால் கவரைக் குப்பையில் போட்டு நான் பார்த்ததே இல்லை. பாலை ஊற்றியதும் கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு குலுக்கு. அந்தத் தண்ணீரும் பாலோடே சேர்ந்துவிடும். பிறகு ஈரக் கவரைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுவார். காய்ந்ததும் அது தானாகவே கழன்று விழும். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு கட்டு சேர்ந்துவிடும். பழைய பேப்பர் கடைக்காரர் அதைப் பேப்பரோடு கலக்காமல் தனியாக எடை போட்டுக் காசு கொடுப்பார்.

அதே கடைக்காரரிடம் சிப்ஸ் கவர்க் கட்டை நீட்டினால் சிரிப்பார்.

இரண்டும் பிளாஸ்டிக்தான். ஒன்றை வாங்குகிறார், இன்னொன்றைத் தொடவே மாட்டேன் என்கிறார். இந்த வித்தியாசம் ஏன் என்று தெரிந்துகொண்டால், பிளாஸ்டிக் மறுசுழற்சி யாருக்கு வேலை தருகிறது, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

இதைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. 'குப்பையில் காசு கொட்டுது, ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் ஊருக்கே வேலை' என்பது ஒன்று. 'மறுசுழற்சியெல்லாம் கண்துடைப்பு, கடைசியில் கொளுத்தத்தான் செய்கிறார்கள்' என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இரண்டுமே இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெல்லமும் இட்லியும்

வெல்லத்தைச் சூடாக்கினால் பாகாகும். ஆறினால் மறுபடி கெட்டியாகும். வேறு அச்சில் ஊற்றினால் வேறு வடிவம் எடுக்கும். இட்லி மாவு அப்படியில்லை. ஒருமுறை வெந்து இட்லியாகிவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் அது மாவுக்குத் திரும்பாது.

பிளாஸ்டிக்கிலும் வெல்ல ஜாதி, இட்லி ஜாதி என்று இரண்டு உண்டு. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, மறுபடியும் இளகக்கூடியதை 'இளகும் பிளாஸ்டிக்' என்று வைத்துக்கொள்வோம். பால் கவர், குடம், தண்ணீர் பாட்டில், வாளி எல்லாம் இந்த வகை. பழைய கறுப்பு ஸ்விட்ச், குக்கர் கைப்பிடி, மெலமைன் தட்டு போன்றவை இட்லி ஜாதி. அவை உருகுவதில்லை, கருகத்தான் செய்யும்.

மறுசுழற்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது வெல்ல ஜாதியில் மட்டுமே நடக்கிறது. சேகரித்து, பிரித்து, துண்டாக்கி, கழுவி, உருக்கி, கம்பி போல இழுத்து, அரிசி அளவுக்கு நறுக்குவார்கள். அந்த மணிகளுக்குப் பெயர் குருணை. வாளி செய்யும் ஆலைக்கு வேண்டியது இந்தக் குருணைதான். மூட்டையாக வாங்கி மெஷினில் கொட்டினால் மறுமுனையில் பொருளாக வெளியே வரும்.

ஒரு வாளித் தண்ணீர் போதும்

வெல்லம் மறுபடி உருகும் என்பதற்காக வெல்லத்தையும் நெய்யையும் மெழுகையும் ஒரே சட்டியில் போட்டு உருக்கினால் என்ன கிடைக்கும்? எதற்கும் உதவாத ஒரு களி. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். 'பிளாஸ்டிக்' என்பது ஒரு பொருளின் பெயரே இல்லை, ஒரு குடும்பப் பெயர். 'பருப்பு' என்று கேட்டால் மளிகைக் கடைக்காரர் 'எந்தப் பருப்பு?' என்று திருப்பிக் கேட்பதில்லையா, அந்த மாதிரி.

தண்ணீர் பாட்டில் பெட் என்ற வகை. ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் பெரும்பாலும் எச்.டி. பால் கவர் எல்.டி. சாப்பாட்டு டப்பா, பல வாளிகள் பி.பி. மின்வயர் உறை, தண்ணீர்க் குழாய் பி.வி.சி. தொழிலில் இருப்பவர்கள் இந்தச் சுருக்கப் பெயர்களைத்தான் சொல்வார்கள். முழுப் பெயர் நமக்குத் தேவையில்லை.

ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. எல்.டி. ஏறக்குறைய 110 டிகிரியில் உருகும், பி.பி. 160-ஐத் தாண்டும், பெட்டுக்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். பெட்டுக்கு நடுவே கொஞ்சம் பி.வி.சி. புகுந்துவிட்டால், அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமில வாயுவைக் கக்கும். மொத்தச் சரக்கும் மஞ்சளாகிப் பாழாகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, பக்கத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். மூடியையும் கழற்றுங்கள். இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் போக ஒருமுறை அமுக்கி விடுங்கள். பாட்டில் துண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மூடி மேலே வந்து மிதக்கும். பார்க்க ஒரே பாட்டில்தான், உள்ளே இரண்டு வேறு பிளாஸ்டிக். மூடி எச்.டி. அல்லது பி.பி., அவை தண்ணீரைவிட லேசு. பெட்டும் பி.வி.சி.யும் தண்ணீரைவிடக் கனம். பெரிய ஆலைகளிலும் கழுவும் தொட்டியில் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள், தொட்டிதான் பெரிது.

பாட்டிலின் அடியில் முக்கோண அம்புக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்குமே, அது 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அடையாளம். இது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. 'இதை மறுசுழற்சி செய்வார்கள்' என்று அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. அம்புக்குறியைப் பார்த்துப் பலரும் அப்படி நினைத்துக்கொள்கிறோம், பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இளகும் பிளாஸ்டிக்கை மட்டுமே மறுபடி உருக்க முடியும். அதையும் வகைவாரியாகப் பிரித்தால்தான் விலை. கலந்து கிடந்தால் குப்பை, பிரித்து வைத்தால் சரக்கு.

வேலை இருக்கும் இடம்

அரிசியும் பருப்பும் கல்லும் கலந்த மூட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் புடைத்துத் தனித்தனியாக வைத்தால் மூன்றில் இரண்டுக்கு விலை உண்டு. அரிசி புதிதாக விளையவில்லை. முறம் பிடித்த கை அந்த மதிப்பை உண்டாக்கியது.

ஓர் ஊராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஓரமாகக் கட்டிய உர மூட்டைச் சாக்குகள். ஓர் அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகி ஒரு சாக்கில், லேபிளை நகத்தால் கிழித்து இன்னொன்றில். பிறகு ஒரு சின்னக் கத்தியை பாட்டிலின் கழுத்தில் வைத்து ஒரு நெம்பு நெம்பினார். மூடி திறந்த பிறகும் கழுத்தில் தங்கிவிடும் அந்த மெல்லிய வளையம் தெறித்து விழுந்தது.

"அதையுமா அக்கா எடுக்கணும்?"

"எடுக்கலேன்னா லோடுக்காரன் கழிவு போடுவான் தம்பி. நூறு கிலோ குடுத்தா தொண்ணூறுக்குத்தான் காசு."

வளையமும் மூடியின் ஜாதி. பெட்டோடு கலந்தால் சரக்கின் தரம் குறையும். வாங்குபவர் அதற்கு ஓர் அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் விலை தருவார். காய்கறி மண்டியில் அழுகலுக்குக் கழிக்கிறார்களே, அதே கணக்கு. ஈரத்துக்குக் கழிவு, மண்ணுக்குக் கழிவு, மீந்துபோன சாம்பாருக்குக் கழிவு.

கவர்களைப் பிரிக்கும்போது அவர் கண்ணைக்கூடப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. கையில் கசக்கிக் காதில் கேட்டார். எல்.டி. சத்தமில்லாமல் மசியும், பி.பி. மொரமொரவென்று சத்தம் போடும், சிப்ஸ் கவர் கசங்காமல் மறுபடி விரியும். ஆறு மாதத்தில் இந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டதாம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத படிப்பு அது.

ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்களே சேகரித்துப் பிரித்து விற்று, காசு அவர்களிடமே தங்குகிற ஏற்பாட்டைத்தான் 'சமூக மறுசுழற்சி' என்கிறோம். மகளிர் குழு, ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று யார் நடத்தினாலும் சரி. அதில் வேலைவாய்ப்பு பெரும்பாலும் இந்தச் சேகரிப்பிலும் பிரிப்பிலும்தான் இருக்கிறது. உருக்கும் ஆலையில் மெஷின் பெரிது, ஆள் குறைவு. கொட்டகையில் மெஷினே இல்லாமல் போகலாம், ஆனால் ஆட்கள் கட்டாயம் வேண்டும். 'மெஷின் வந்தால் வேலை வரும்' என்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

எண்ணிப் பார்த்தால்

இப்போது சிப்ஸ் கவருக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியோடு ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் இருக்கும். ஆக, கிலோவுக்கு 45 பாட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன பிஸ்கட் உறை ஒரு கிராம்கூடத் தேறாது. கிலோவுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குப் புரிவதற்காக மட்டும் கிலோ 20 ரூபாய் என்று ஒரு விலை வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் தேற 25 கிலோ வேண்டும். பாட்டிலாக இருந்தால் 1,100-க்கு மேல் குனிந்து எடுக்க வேண்டும். கடினம்தான், ஆனால் மூட்டை மூட்டையாகப் பாட்டில் சேரும் கல்யாண மண்டபம், பேருந்து நிலையம் பக்கம் முடியாததில்லை. அதே விலை பிஸ்கட் உறைக்குக் கிடைத்தாலும் 25,000 உறை பொறுக்க வேண்டும். எந்த மனிதராலும் ஒரு நாளில் ஆகாது. போதாக்குறைக்கு, உறைக்கு அந்த விலையும் கிடையாது.

தெருவில் பாட்டில் அவ்வளவாகத் தங்குவதில்லை, உறைகள்தான் சாக்கடையை அடைக்கின்றன. காரணம் இந்தக் கணக்குதான். பாட்டிலைப் பொறுக்க யாரோ ஒருவர் ஏற்கெனவே அதிகாலையில் வந்து போய்விட்டார்.

அம்மாவின் பால் கவரும் லேசானதுதான். ஆனால் அது ஒரே ஜாதிப் பிளாஸ்டிக், சுத்தமாகக் கழுவிக் காய்ந்தது, ஒரே இடத்தில் சேர்ந்தது. குனிந்து பொறுக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் அம்மா கூலி வாங்காமல் செய்துவிட்டார். கடைக்காரர் எடை போட்டாலே போதும். (ஒரு சின்ன விஷயம்: கவரின் மூலையை முழுவதுமாக வெட்டி எறியாதீர்கள். பாதி வெட்டித் தொங்க விடுங்கள். கட்டைவிரல் நகம் அளவிலான அந்தத் துண்டை உலகத்தில் யாராலும் பொறுக்க முடியாது.)

காயலான் கடையில் தொடங்கும் ஏணி

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே நமக்கு மறுசுழற்சி தெரியும். அரசு திட்டம் போட்டுத் தொடங்கி வைத்த தொழில் இல்லை இது. இன்றும் நகரத்தில் பிளாஸ்டிக்கைச் சேகரிப்பதில் பெரும்பங்கு தெருவில் பொறுக்குபவர்களுடையது.

அவர்கள் பொறுக்கியது காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து வகைக்கு ஒருவர் என்று இருக்கும் பெரிய வியாபாரியின் குடோனுக்கு. அங்கே அமுக்கிக் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றி, அரைத்துக் குருணையாக்கும் ஆலைக்கு. ஆலையிலிருந்து பொருள் செய்பவருக்கு. படிக்குப் படி விலை ஏறும். மேலே போகப்போக அளவும் தரமும் உறுதியாகிறது என்பது ஒரு காரணம். கீழே இருப்பவருக்கு வேறு வழியில்லை என்பது இன்னொரு காரணம்.

அந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றாடம் பொறுக்குபவரிடம் சரக்கைச் சேர்த்து வைக்க இடம் கிடையாது. மழை வந்தால் நனையும், போலீஸ்காரர் கேள்வி கேட்பார். அதனால் அன்றன்றே விற்றாக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்காரரிடமே முன்பணம் வாங்குவார். வாங்கிய பிறகு வேறு கடைக்குப் போக முடியாது. எடையும் அவருடையது, விலையும் அவர் சொல்வதுதான். கடைக்காரரை வில்லனாக்க வேண்டியதில்லை, அவரும் குடோன்காரரிடம் இதே மாதிரிக் கைகட்டித்தான் நிற்கிறார்.

ஆகவே சமூக மறுசுழற்சியில் வருமானத்தை உயர்த்துவது பெரிய தொழில்நுட்பமெல்லாம் இல்லை. பூட்டுப் போட்ட ஒரு கொட்டகை, சொந்தமாக ஓர் எடை மெஷின், ஒரு லோடு சேரும்வரை காத்திருக்கக் கையில் கொஞ்சம் பணம். இந்த மூன்றும் இருந்தால் ஏணியில் ஒரு படியைத் தாண்டி நேராகக் குடோனிலோ ஆலையிலோ விற்கலாம். எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு லோடு சேரும், ஒருவரால் ஆகாது. குழு வேண்டும் என்பதற்கு ஒற்றுமையே பலம் என்ற காரணமெல்லாம் அப்புறம். முதல் காரணம், லாரி அரைகுறையாகப் போனால் வண்டி வாடகைகூடத் தேறாது என்பதுதான்.

புனேயில் என்ன செய்தார்கள்

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் புனே. அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், அதிலும் பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-இல் ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்று பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் சங்கம் என்று பொருள். 'நாங்கள் பிச்சைக்காரர்களும் இல்லை, திருடர்களும் இல்லை, ஊருக்கு வேலை செய்கிற தொழிலாளர்கள்' என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் அவர்களுடைய முதல் சண்டை. மாநகராட்சியின் அங்கீகாரத்தோடு அடையாள அட்டை வாங்கினார்கள். அட்டை என்றால் சாதாரணமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குச் சாக்கோடு நடக்கும் பெண்ணை நிறுத்தி 'யார் நீ?' என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

சங்கத்திலிருந்து பின்னர் ஸ்வச் என்ற கூட்டுறவு பிறந்தது. 2008-இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் 3,000-க்கும் மேல். கூட்டுறவு அவர்களுக்கே சொந்தம்.

இதில் கவனிக்க வேண்டியது வருமானம் வரும் விதம். அவர்களுக்கு இரண்டு வழியில் காசு வருகிறது. ஒவ்வொரு வீடும் மாதாமாதம் ஒரு சேவைக் கட்டணம் தருகிறது. அதோடு, குப்பையிலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்டிக், காகிதம், உலோகத்தை விற்று வரும் பணமும் அவர்களுக்கே. பிளாஸ்டிக் விலை சரிந்த மாதத்தில் கட்டணம் தாங்கும்.

விலை ஏன் சரிகிறது? புதுப் பிளாஸ்டிக் கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு வழியாக வருவது. எண்ணெய் விலை விழுந்தால் புதுக் குருணையும் மலிவாகும். புதியது மலிவாகக் கிடைக்கும்போது பழையதை யார் வாங்குவார்? 2020-இல் ஊரடங்கோடு எண்ணெய் விலையும் விழுந்தபோது மறுசுழற்சித் தொழில் உலகம் முழுக்க இப்படி அடிவாங்கியது. எங்கோ கிணற்றில் எண்ணெய் மலிந்ததற்கு நம் தெருவில் பாட்டில் பொறுக்குபவரின் கூலி குறைகிறது. விற்பனைக் காசை மட்டும் நம்பி ஊர் மக்களுக்கு வேலை என்று அறிவிக்கும் திட்டங்கள் ஓரிரு வருடத்தில் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்குவதில் இன்னொரு நன்மை. சாப்பாட்டோடு கலக்கும் முன்பே கிடைப்பதால் பிளாஸ்டிக் சுத்தமாக இருக்கும். அதே பாட்டில் குப்பைமேட்டுக்குப் போய்விட்டால் தரம் போச்சு, பொறுக்குபவரின் கையும் கிழியும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளில் புகைக்கு நடுவில் கிளறி எடுப்பவருக்குக் கிடைப்பது கடைசித் தரச் சரக்கு, முதல் தர ஆபத்து.

புனே கதையும் முழுக்க இனிப்பில்லை. ஒப்பந்தம் முடியும் சமயங்களில் 'தனியார் கம்பெனியிடம் கொடுத்துவிடலாமா' என்ற பேச்சு எழும். 2016-இன் திடக்கழிவு விதிகள் குப்பை சேகரிப்போரை உள்ளாட்சிகள் தங்கள் ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-இல் இவர்களையும் சேர்த்தார்கள். காகிதத்தில் இடம் கிடைத்துவிட்டது. வார்டு அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பது ஊரைப் பொறுத்தது.

இதுவரை: வேலை சேகரிப்பிலும் பிரிப்பிலும் இருக்கிறது. கூலியை உயர்த்துவது கூட்டாக விற்பதும் வாசலிலேயே சுத்தமாக வாங்குவதும். நிலைத்து நிற்க வைப்பது சேவைக் கட்டணம்.

வேட்டி கரித்துணியாகும் கதை

புது வேட்டி கிழிந்தால் தலை துவட்டும் துண்டு. அதுவும் நைந்தால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. அப்புறம் தரை துடைக்க. கரித்துணி மறுபடி வேட்டியாவதில்லை. பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் இப்படிப் படி இறங்கித்தான் போகிறது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வலு கொஞ்சம் குறையும், நிறங்கள் கலக்கும். கலந்த நிறத்தை மறைக்கக் கறுப்புச் சாயம்தான் கைகொடுக்கும். கொத்தனாரின் கறுப்புச் சாந்துச் சட்டி, கறுப்புச் செடித்தொட்டி, கறுப்புக் குப்பைப் பை எல்லாம் ஏன் கறுப்பு என்று இப்போது தெரிந்திருக்கும்.

நிறமில்லாத பெட் பாட்டிலுக்கு மதிப்புக் கூடுதல் என்பதும் இதனால்தான். அதற்கு எந்த நிறமும் ஏற்றலாம். அதைச் செதிலாக்கி, உருக்கி, இழையாக இழுத்து நூல் நூற்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேல்சட்டை பாட்டில்களிலிருந்து வந்தது. அதன் துணி கரூரில் தயாரானது.

பாட்டிலுக்கு வரிசையில் ஆள் நிற்கிறது, சரி. கொட்டகை மூலையில் குவிந்துகிடக்கும் மீதி? சிப்ஸ் கவரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். பிளாஸ்டிக் படலம், மெல்லிய அலுமினியப் பூச்சு, மை, மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. சிப்ஸ் நமத்துப் போகாமல் இருக்க இத்தனை அடுக்கும் வேண்டும். சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுப்பது மாதிரிதான், இந்த அடுக்குகளை மலிவாகப் பிரிக்க வழியில்லை.

விலைபோகாத கவர்களுக்கு மதுரையில் ஒரு வழி கண்டார்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கவர்களைச் சிறு துகளாக வெட்டிச் சுடு ஜல்லியின் மேல் தூவினார். ஏறக்குறைய 160 டிகிரிச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். அதன் மேல் தார் ஊற்றினால் பிடிப்பு கூடும், தண்ணீர் புகுவது குறையும். 3.75 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர் போட ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் ஆகும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டில் ஊரகச் சாலைகளுக்காக மகளிர் குழுக்கள் கவர்களை வாங்கித் துகளாக்கி விற்றது இந்த முறை வந்த பிறகுதான். எனக்கு இதில் ஒரே தயக்கம். சாலை போடும் மாதத்தில்தான் இந்தச் சரக்குக்குக் கிராக்கி. குப்பையோ தினமும் வருகிறது.

மிச்சம் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் லாரி லாரியாக அப்படிப் போகிறது. திறந்தவெளியில் கொளுத்துவதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் இதை மறுசுழற்சி என்று சொல்லக்கூடாது. எரிபொருள் என்று சொன்னால் போதும். 'கடைசியில் கொளுத்தத்தான் செய்கிறார்கள்' என்பவர்கள் சொல்வது இந்தப் பங்கைப் பொறுத்தவரை சரிதான்.

கம்பெனியின் பங்கு

கல்யாண மண்டபத்தில் அட்வான்ஸ் வாங்குவார்கள். மண்டபத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்கும் பொறுப்பு கல்யாண வீட்டுக்காரருடையது. பிளாஸ்டிக்கில் சந்தைக்கு உறையை அனுப்பிய கம்பெனியே அதைத் திரும்பச் சேகரிக்கவும் பொறுப்பு என்பதற்கு 'உற்பத்தியாளர் பொறுப்பு' என்று பெயர். இந்தியாவில் 2011-இன் பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இது தலைகாட்டியது, 2022-இல் இலக்குகளோடு வடிவம் பெற்றது. கம்பெனி தானே சேகரிக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலை இத்தனை டன் கையாண்டேன் என்று சான்றிதழ் பெறும், கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கித் தன் இலக்குக் கணக்கில் காட்டிக்கொள்ளும்.

யோசனை நல்லது. சிக்கல், சான்றிதழ்ப் பணம் ஆலைவரைதான் வருகிறது. வளையத்தை நெம்பிய அக்காவுக்கு அது கீழே இறங்கி வருவதற்கு விதியில் வழி தெளிவாக இல்லை. சரக்கே இல்லாமல் சான்றிதழ் மட்டும் அச்சடித்தவர்களும் உண்டு. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன.

இதைவிட நேரான வழி நீலகிரியில் நடந்தது, கண்ணாடியில். 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தந்தார்கள். காட்டில் கிடந்த பாட்டிலுக்கு ஒரே நாளில் விலை வந்துவிட்டது. சிப்ஸ் கவருக்கு ஒரு ரூபாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 500 ரூபாய்க்கு 25,000 வேண்டாம், 500 போதும்.

உங்கள் ஊரில் தொடங்குவதென்றால்

தூய்மை பாரத ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்க வழி செய்தார்கள். அரவை மெஷின், அமுக்கிக் கட்டும் மெஷின் எல்லாம் அதில் அடக்கம். ஊராட்சியில் இந்தப் பேச்சு எழுந்தால் மெஷினைப் பற்றிக் கடைசியாகக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: வாங்கப்போவது யார்? எந்த வகையை, எவ்வளவு சேர்ந்தால், என்ன கழிவு போட்டு? அரைத்த பிளாஸ்டிக்கைவிட அரைக்காத பாட்டிலையே சில வியாபாரிகள் விரும்புவார்கள். அரைத்துவிட்டால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே. அடுத்து, ஒரு வாரம் ஊர்க் குப்பையைப் பிரித்து எடை போட்டுப் பாருங்கள். பெட் எவ்வளவு, எல்.டி. எவ்வளவு, விலைபோகாதது எவ்வளவு என்று. மெஷின் நாளெல்லாம் ஓடும் அளவுக்குச் சரக்கு வருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மூன்றாவது, விலை விழுந்த மாதத்தில் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும்? கையுறைக்கும் காலணிக்கும் தடுப்பூசிக்கும் யார் பொறுப்பு? ஏற்கெனவே அந்தத் தெருக்களில் பொறுக்குபவர்கள் குழுவில் இருக்கிறார்களா, அல்லது புதுக் குழு வந்து அவர்கள் பிழைப்பைப் பிடுங்குகிறதா?

நான் போன அந்தக் கொட்டகையில் அரவை மெஷின் ஒன்று உறை பிரிக்காமல் நின்றது. அதற்கு வேண்டிய மின் இணைப்பு வரவில்லை. அதன் மேல் அக்கா தன் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார். சாயங்காலம் பெட் மூட்டைகளை எடை போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார், தேதி, கிலோ, கையெழுத்து. மூலையில் சிப்ஸ் கவர் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அரியலூர் லாரி வரணும் தம்பி. போன மாசம் வரேன்னாங்க."